எஞ்சின் பின்னால் இருக்கும் ரயில்... ஊட்டி மலை ரயிலை அழகாகப் படம் பிடிப்பது எப்படி?

காலை 7.10-க்குக் கிளம்பும் ஊட்டி ரயிலுக்காக, மேட்டுப்பாளையம் ஸ்டேஷனில் அதற்கு முன்பே செல்போன்கள் உயர்ந்துவிடுகின்றன. ஆனால் வீட்டுக்குப் போய் கேலரியைத் திறந்தால், பாதிப் படங்களில் யாரோ ஒருவரின் தலையும் வெளுத்துப்போன வானமும்தான் இருக்கும்!

இந்த ரயிலின் ஒரு விஷயம் தெரிந்தால் படமே மாறிவிடும். மலையேறும்போது எஞ்சின் முன்னால் இருந்து இழுக்காது, பின்னால் இருந்து தள்ளும். கல்லாறு முதல் குன்னூர் வரை, சில இடங்களில் 12.5 அடி போனால் 1 அடி உயரும் அளவுக்குச் செங்குத்து. பெட்டிகள் பின்னோக்கி உருளாமல் இருக்க, எஞ்சின் எப்போதும் தாழ்வான பக்கத்திலேயே நிற்கும். தண்டவாளங்களுக்கு நடுவே உள்ள பல் தண்டவாளத்தை அதன் பல் சக்கரம் பற்றிக்கொண்டு ஏறும்.

எனவே, எஞ்சினை அடுத்த பெட்டியில் உட்கார்ந்தால் சத்தம்தான் அதிகம் கிடைக்கும். முன் பெட்டிகளில் இடம் கிடைத்தால் அதிர்ஷ்டம். வளைவுகளில் ஜன்னல் வழியே திரும்பிப் பார்த்தால், மொத்த ரயிலும் வில்லாக வளைய, கடைசியில் எஞ்சின் புகைவிடுவது தெரியும். இந்தப் பாதையில் 208 வளைவுகள். ஒன்றைத் தவறவிட்டால் அடுத்தது வந்துவிடும். அவசரமே வேண்டாம்.

நீராவி வெள்ளை. பின்னால் வானம் இருந்தால் அதில் கரைந்துவிடும். கரும்பச்சைக் காடோ பாறையோ பின்னணியில் வரும்வரை காத்திருங்கள். வெயில் நீராவிக்குப் பின்னாலிருந்து வந்தால் அது பஞ்சுபோல மின்னும். குளிர்ந்த காலையில் நீராவி அடர்த்தியாகத் தெரியும், சூடான நாளில் சீக்கிரம் மறைந்துவிடும். செல்போனில் எடுப்பவர்கள் திரையில் நீராவி இருக்கும் இடத்தைத் தொட்டு, வெளிச்சத்தைக் கொஞ்சம் குறையுங்கள். எஞ்சின் கறுப்பாகத் தெரிந்தாலும் பரவாயில்லை, வெண்புகையின் மடிப்புகள் தப்பிக்கும்.

எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்க ஹில்குரோவ் ஸ்டேஷனில் ரயில் நிற்கும். எல்லோரும் எஞ்சின் முன்னால் செல்ஃபி எடுப்பார்கள். நீங்கள் அங்கே வேலை செய்பவர்களைக் கவனியுங்கள். எண்ணெய் படிந்த கைகள், பெட்டிக்குப் பெட்டி கொடியோடு நிற்கும் பிரேக்ஸ்மேன்கள்... பக்கத்தில் ஓர் ஆள் நின்றால்தான் எஞ்சினின் பிரமாண்டமும் புரியும். ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுங்கள். அதுதான் மரியாதை.

குன்னூர் வந்ததும் அவசரப்பட்டு இறங்கி ஓடாதீர்கள். அங்கே நீராவி எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சின் மாட்டுவார்கள். ஊட்டி வரை மீதிப் பயணம் டீசலில்தான். ஆக, நீராவிக்கு உங்களுக்குக் கிடைப்பது மேட்டுப்பாளையம் - குன்னூர் இடையே சுமார் 28 கிலோமீட்டர் மட்டுமே!

ஒரு எச்சரிக்கை. பாதையில் 16 சுரங்கங்கள் உள்ளன. பாறைச் சுவர் ஜன்னலை உரசுவதுபோல வரும். கையையோ தலையையோ வெளியே நீட்டாதீர்கள். ஜன்னல் சட்டத்தையே படத்தின் ஓரமாக வைத்தால் பயணத்தில் எடுத்தது என்பது புரியும், படமும் அழகாகும். தண்டவாளத்தில் இறங்கி ரீல்ஸ் எடுப்பது ரயில்வே சட்டத்தின் 147-வது பிரிவின்படி குற்றம். மெதுவாகத்தானே வருகிறது என்று நினைக்க வேண்டாம். சரிவில் இறங்கும் ரயிலை நினைத்த நொடியில் நிறுத்த முடியாது.

1899-ல் குன்னூர் வரை ஓடத் தொடங்கிய ரயில் இது. 2005-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பர்யச் சின்னமானது. நூறு படம் எடுத்துக் குவிப்பதைவிட, நல்லதாகப் பத்து எடுத்துவிட்டு போனைப் பைக்குள் வையுங்கள். அந்த விசில் சத்தத்தைக் காதால் கேட்க வேண்டாமா?