மூடுபனியும் பறவையின் நிறமும்

ஹற்றன் தேயிலைச் சரிவுகளிற் பறவைகளைப் படமெடுப்பது எனக்கு விடுமுறைக்கால வழக்கம். கமராவின் ஒளிமானி பனியையும் பறவையையும் பிரித்தறியாது; காட்சி முழுவதையும் நடுத்தரச் சாம்பல் நிறமாகவே கணிக்கும். ஆதலால், வெண்பனியைக் கண்டதும் ஒளியைக் குறைத்துவிடும். கிளையில் அமர்ந்த குருவி கரித்துண்டுபோல் தோன்றும். அங்கே ஒளியை ஒரு படி, அதாவது இருமடங்காக, கூட்டல் வேண்டும். இருண்ட மரநிழலில் வெண்கொக்கு நின்றாலோ குறைத்தல் வேண்டும். இன்றேல் இறகின் நுண்வரிகள் மறைந்துவிடும்.

குளிர்காலத்தில் இந்தியாவிலிருந்து நுவரெலியா விக்டோரியா பூங்காவுக்கு வரும் ஆறுமணிக்குருவிக்கு வேறோர் இடருண்டு. இலைகளூடே கசியும் ஒளி அதன் வெளிர்மஞ்சள் மார்பிற் பச்சை பூசிவிடும். அதே நிழலில் ஒரு வெள்ளைத் தாளைப் படமெடுத்து, அதனையே வெண்மைக்கு அளவாகக் கமராவில் அமைத்துக்கொண்டால், மார்பும் நீலச் சிறகும் சிவந்த அடிவயிறும் தத்தம் நிறம் பெறும்.

பெற்ற நிறம் சரியோ என்று தீர்ப்பது கண்ணே. 1891இல் இம்மலைநாட்டுத் தேயிலைத் தோட்டமொன்றிற் பிறந்த ஜி. எம். ஹென்றி, 1955இல் வெளியான தமது இலங்கைப் பறவை நூலுக்குத் தாமே படம் வரைந்தார். பறவைகளை நெடுங்காலம் பார்த்துப் பழகிய கண் அவருடையது. படத்தைக் கொண்டே பறவையை அறியும் பிள்ளைகள் பலர். பிழையான நிறம் அவர்களுக்குப் பிழையான பாடமாகும். ஆகவே மாணவர்களே, கமராவைத் தொடுமுன் பறவையைச் சற்றே பொறுமையுடன் பாருங்கள்.