மூடிய வீட்டின் மூச்சு

சோரியாங்குப்பத்தில், தென்பெண்ணைக் கரையோரத்து எங்கள் பழைய வீட்டில், என் தாயார் விடியுமுன் எழுந்து முதலில் செய்த வேலை, வாசற்கதவையும் தோட்டத்துக் கதவையும் ஒருசேரத் திறந்துவிடுவதுதான். "வீடும் மூச்சு விடணும்டா" என்பார். அச்சொல்லின் பொருளை நான் உணர்ந்தது அறுபத்திரண்டாம் வயதில், அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், மகளின் வீட்டு நிலவறையில்.

மகளும் மருமகனும் அவ்வீட்டை வாங்கியிருந்த புதிது. நிலவறையில் எனக்கென ஓர் அறையை ஒதுக்கியிருந்தார்கள். குளிர்காலமாதலால் ஜன்னல்கள் யாவும் இறுக மூடியிருந்தன. ஒருநாள் மகள் கரித்தூள் அடைத்த சிறு டப்பா ஒன்றைத் திறந்து என் கட்டிலருகே வைத்தாள். "ரேடான் இருக்கான்னு பாக்கணும்ப்பா. நாலு நாள் தொடாதீங்க" என்றாள். நான் சிரித்தேன்.

சிரிக்கத்தக்க காரியமன்று அது. மண்ணிலும் பாறையிலும் இயல்பாகவே உள்ள யுரேனியம் படிப்படியாகச் சிதைந்து ரேடியமாகிறது. ரேடியம் சிதைந்து ரேடான் என்னும் வாயுவாகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. தரையின் விரிசல்கள் வழியே வீட்டினுள் கசிந்து, மூடிய அறைகளில் தேங்குகிறது. அது சிதையும்போது தோன்றும் துகள்கள் நுரையீரலில் படிந்து கதிர்வீசுகின்றன. பல நாடுகளில் புகைப்பழக்கத்திற்கு அடுத்தபடியாக நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணம் இதுவே என்கிறது உலக சுகாதார நிறுவனம். 1984-இல் அதே பென்சில்வேனியாவில் ஸ்டான்லி வாட்ரஸ் என்ற பொறியாளர், லிமெரிக் அணுமின் நிலையத்திற்குள் நுழையும்போதே கதிர்வீச்சு எச்சரிக்கை மணி ஒலித்தது. கதிர்வீச்சை அவர் சுமந்து வந்தது தம் வீட்டிலிருந்து!

டப்பா ஆய்வகத்திற்குப் போய் விடை வந்தது: ஒரு லிட்டர் காற்றில் 9 பிக்கோகியூரி. அந்நாட்டில் 4-ஐ எட்டினாலே வீட்டைச் சீர்செய்யச் சொல்கிறார்கள். ஆட்கள் வந்து விரிசல்களை அடைத்தார்கள். தரையைத் துளைத்து, கான்கிரீட்டுக்கு அடியிலிருந்து கூரைக்கு மேல்வரை ஒரு குழாயைக் கொண்டுபோய் விசிறி பொருத்தினார்கள். அது இரவும் பகலும் மண்ணடிக் காற்றை உறிஞ்சி வெளியே விட்டது. மறுசோதனையில் அளவு 2-க்குக் கீழே இறங்கியிருந்தது.

அன்றிரவு மகள் என்னருகே அமர்ந்தாள். "வீட்டுக்குக் குழாய் வெச்சாச்சு. உங்க நெஞ்சுக்கு யாருப்பா வைக்கிறது?" என்றாள்.

நாற்பது ஆண்டுகளாகப் புகைப்பவன் நான். அங்கும் வீட்டின் பின்புறம் நின்று, அவள் அறியவில்லை என்ற நினைப்பில் புகைத்துவந்தேன். ரேடானால் வரும் ஆபத்து, புகைக்காதவரைவிடப் புகைப்பவருக்கு ஏறத்தாழ 25 மடங்கு என்று அவள் சொன்னபோது எனக்கு நா எழவில்லை. கண்ணுக்குத் தெரியாத வாயுவை நான்கு நாள் காத்திருந்து அளந்தோம். என் விரலிடுக்கில் தெரிந்த புகையை நான் ஒருநாளும் கணக்கில் எடுத்ததில்லை.

ஊர் திரும்பினேன். நம் நாட்டிலும் பாபா அணு ஆராய்ச்சி மையத்தார், கதிர்த்துகளின் தடம் பதியும் சிறு படலத்துண்டுகளை வீடுகளில் மாதக்கணக்கில் தொங்கவிட்டு ரேடானை அளந்திருக்கிறார்கள். காற்று தாராளமாக வந்துபோகும் வீட்டில் அது தேங்குவதில்லை. ஆனால் நான் கட்டிய மாடி வீட்டிலோ, குளிர்சாதனம் வாங்கிய நாள்முதல் படுக்கையறை ஜன்னல்கள் திறக்கப்பட்டதே இல்லை.

இப்போது விடியலில் நானே எல்லாவற்றையும் திறந்துவிடுகிறேன். பதினொரு மாதங்களாக என் சட்டைப்பையில் தீப்பெட்டி இல்லை. இருமல் மட்டும் இன்னும் முழுதும் விடவில்லை; ஆண்டுதோறும் நெஞ்சைப் படமெடுத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார் மருத்துவர். அடுத்த படம் என்ன சொல்லுமோ, அறியேன். தாயார் சொன்னதை நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே கேட்டிருக்கலாம் என்பதை மட்டும் அறிவேன்.