தேய்ந்த கத்தி

என் மேசைமீது ஒரு பேனாக்கத்தி கிடக்கிறது. பெரிய அலகு ஒன்று. சிறிய அலகு ஒன்று. இருபுறமும் எலும்புப் பிடி. பழுப்பேறிய அந்தப் பிடியிலே மயிரிழை போல ஒரு வெடிப்பு. என் பாட்டனார் விட்டுச் சென்ற சொத்து இது ஒன்றே! வீடில்லை, நிலமில்லை, கத்தி உண்டு.

"புதுப்பித்துப் பளபளக்கச் செய்து கண்ணாடிப் பெட்டியில் வை" என்கிறார் தந்தையார். "பையில் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போ" என்கிறது என் உள்ளம். ஒரு சிறு கத்திக்கு இத்தனை வழக்கா என்று நகைக்காதே, தம்பி! ஒரு மனிதரின் வாழ்வு அந்த வழக்கில் அடங்கியிருக்கிறது.

பாட்டனார் ஓர் அலுவலகத்திலே கடைநிலை ஊழியர். படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது, நிறுத்தியது வறுமை. அலுவலகத்தார் வேண்டாமெனக் கழித்த கத்தி அவர் கைக்கு வந்தது. நாள்தோறும் எல்லோருக்கும் முன்னே சென்று, மேசைகளைத் துடைத்து, எழுத்தர்களின் பென்சில்களைச் சீவி அடுக்கி வைப்பார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் இதே பணி! எழுதியவர்கள் பிறர், எழுதுகோலைக் கூராக்கியவர் அவர். இறகைச் சீவி எழுதுகோலாக்கப் பயன்பட்டதால் அன்றோ இதற்குப் பேனாக்கத்தி என்று பெயர்! பெயருக்கேற்ற வேலையையே அவர் கையில் அது செய்தது.

பெரிய அலகின் அடியிலே 'ஷெஃபீல்டு' என்னும் எழுத்துகள் மங்கலாகத் தெரிகின்றன. இங்கிலாந்தின் அந்த ஊரில் கத்தி செய்வோரின் சங்கம் 1624-இல் நாடாளுமன்றச் சட்டத்தால் அமைந்தது. ஹாரி பிரியர்லி 1913-இல் துருவேறா எஃகை உருவாக்கியதும் அங்கேதான். என் கத்தியோ பழைய கரிம எஃகு. மாங்காய் அரிந்தால் கறுக்கும். ஈரம் தங்கினால் துருப்பிடிக்கும்.

கறுப்பு வேறு, துரு வேறு என்பதை நான் கற்ற கதை வெட்கத்துக்குரியது. தந்தையாரின் விருப்பத்தை நிறைவேற்ற எண்ணி, ஒரு விடுமுறை நாளில் உப்புத்தாளால் சிறிய அலகைத் தேய்த்தேன். மின்னியது, மகிழ்ந்தேன். பிறகுதான் பார்த்தேன், அடியிலிருந்த முத்திரையைக் காணோம்! பல்லாண்டு உழைப்பு அழிக்காததை அரைமணி நேரத்தில் அழித்துவிட்டேன். இனி வருமா அது?

சாணை பிடிக்கும் பெரியவரிடம் ஓடினேன். அவர் அமைதியாகச் சொன்னார்: "வாத்தியாரே, செந்துரு இரும்பைத் தின்னும், அதை எடுத்துவிடுங்கள். கருங்கறை இரும்புக்குப் போர்வை, அதை விட்டுவிடுங்கள். மின்சாரச் சக்கரத்தில் காட்டாதீர்கள். சூடேறி நீலம் பாரித்தால் பதம் போய்விடும். கல்லில் நீர் விட்டு நீங்களே தீட்டுங்கள்."

அவ்வாறே செய்தேன். செந்துருவைத் துடைத்தேன், மடிப்பிலிருந்த அழுக்கை நீக்கி ஒரு சொட்டு எண்ணெய் விட்டேன், முனையைத் தீட்டினேன். கறையையும் வெடிப்பையும் தொடவில்லை. பெரிய அலகின் நடுப்பகுதி உள்வாங்கித் தேய்ந்திருக்கிறது. அதை நேராக்க வேண்டுமானால் எஞ்சிய எஃகையும் அராவ வேண்டும். எதற்காக? அது ஓர் உழைப்பாளியின் வருகைப் பதிவேடு அன்றோ!

தந்தையாரிடம் இதைச் சொன்னபோது நெடுநேரம் பேசாதிருந்தார். பின்பு, "பள்ளியில் என்னைப் 'பென்சில் சீவுகிறவன் மகன்' என்றுதான் கூப்பிடுவார்கள்" என்றார். பளபளப்பை அவர் ஏன் விரும்பினார் என்பது அன்றுதான் விளங்கிற்று. அந்தத் தேய்மானத்தில் அவர் கண்டது பழைய ஏளனத்தை! "சீவியவர் தலைகுனிய என்ன இருக்கிறது, அப்பா? சிரித்தவர்களன்றோ குனிய வேண்டும்?" என்றேன். மறுமொழி இல்லை. மறுநாள் காலை, நான் புறப்படுமுன் என் பையில் கத்தியை எடுத்து வைத்தவர் அவரே.

பயன்படுத்தினால் தேயாதா? தேயும். ஒவ்வொரு முறை தீட்டும்போதும் சிறிது எஃகு கழியத்தான் செய்யும். தேயட்டும்! இன்று என் வகுப்பில் முனை மழுங்கிய பென்சிலோடு பிள்ளைகள் என்னிடம் வருகிறார்கள். பாட்டனார் பிறருக்காகச் சீவினார். அவர் பேரன் எழுதப் போகும் கைகளுக்காகச் சீவுகிறான்.

உன் வீட்டிலும் தேய்ந்த கருவி ஒன்று எங்கோ கிடக்கும், தம்பி! துருவைத் துடை, தேய்மானத்தைத் தொடாதே, வேலைக்கு எடுத்துச் செல்!