கயிறு பிடிப்பவன்

அக்கா மகள் சென்னை அரசு கவின் கலைக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கப் போகிறாள். நான்கு வருஷப் படிப்பு. பத்திரிகைக்கும் புத்தகத்துக்கும் படம் போடவும், படத்திலேயே கதை சொல்லவும் படிக்கவேண்டும் என்கிறாள். அவள் மனசை மாற்றும் பொறுப்பு எனக்கு வந்தது. 'படத்தைப் பத்தியெல்லாம் எழுதுறவன் நீதான, உன் பேச்சக் கேப்பா' என்றார் அத்தான். நான் பாங்க் குமாஸ்தா என்பதும் ஒரு தகுதி. கல்விக் கடன் கேட்டு என் மேஜைக்கு எஞ்சினியரிங் வந்திருக்கிறது, நர்ஸிங் வந்திருக்கிறது. படம் வரைய என்று இதுவரை ஒன்றும் வந்ததில்லை. 'செல்போன்கிட்ட சொன்னா அதுவே வரைஞ்சு தருது. இதுக்கு நாலு வருஷமா?' என்றும் கேட்டார். அசட்டுக் கேள்வி அல்ல.

ஞாயிற்றுக்கிழமை அவள் நோட்டைக் காட்டினாள். முத்துக்குளித்தல் பற்றி ஆறு படங்கள். தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளித்தது 1961இல். அவளும் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை. சங்கு குளித்த கிழவர்களிடம் கேட்டு வரைந்திருக்கிறாள். ஆறிலும் கடலடி இல்லை, சிப்பி இல்லை. தோணியில் கயிற்றைப் பிடித்து நிற்கும் ஒருவன் மட்டும். குளிப்பவனின் மச்சினன்தான் கயிறு பிடிப்பான், உடன்பிறந்தவள் தாலியை நினைத்துக் கைவிடமாட்டான் என்று இந்தக் கரையில் சொல்வார்கள். படத்துக்குப் படம் கயிறுதான் மாறுகிறது. தொய்கிறது, இறுகுகிறது, ஆறாவதில் சுண்டி இழுபடுகிறது.

'முத்து எங்கே?' என்றேன்.

'கயிறு பிடிக்கிறவருக்குத் தெரியாதுல்ல, மாமா.'

வாரப் பத்திரிகைப் படங்கள் கதை சொன்னதையே திரும்பச் சொல்கின்றன என்று பத்து வருஷமாக எழுதிக்கொண்டிருப்பவன் நான். அவளிடம் நான் கேட்டதும் அதைத்தான்.

அந்தப் பள்ளி 1850இல் அலெக்ஸாண்டர் ஹன்டர் என்ற டாக்டர் ஆரம்பித்தது. அங்கே படித்த கொண்டைய ராஜு, நாடகக் குழுவுக்குத் திரைச்சீலை எழுதியபடி 1940களில் கோவில்பட்டி வந்து அங்கேயே தங்கிவிட்டார். அவருடைய சாமி படங்கள் சிவகாசியில் அச்சாகி வீடு வீடாகப் போயின. 'காலண்டர் படம்' என்பது நம்மிடையே ஒரு வசவு, நானும் வைதிருக்கிறேன். ஆனால் ஆச்சி செத்த பிறகும் அவள் கும்பிட்ட முருகனை ஆணியிலிருந்து எடுக்க எங்கள் வீட்டில் யாருக்கும் கை வரவில்லை.

1960களில் அதே இடத்தில் படித்த ஆதிமூலம் 1969இல் காந்தியை நூறு கோட்டோவியங்களாக வரைந்தார். சிறுபத்திரிகைகளுக்கு வரைந்தார். பிறகு 1980களில், கோவில்பட்டிக்குப் பக்கத்து இடைசெவல்காரரான கி. ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி'க்கு ஜூனியர் விகடனில் வரைந்தார். எழுத்துக்கு உரை சொல்லாமல் அதன் பக்கத்தில் தன் காலில் நிற்கிற கோடு அது. ஒரே பள்ளி இந்த இருவரையும் அனுப்பியிருக்கிறது என்றால், பாணியை அது கொடுத்திருக்க முடியாது. பார்ப்பதற்கு வருஷங்களைக் கொடுத்திருக்கலாம்.

செல்போன் கேட்டதைத் தரும். முத்து கேட்டால் முத்து. எதை வரையாமல் விடுவது என்பது கேட்டு வாங்குகிற விஷயமல்ல. அதைக் கல்லூரி கற்றுத்தரும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஆளையும் பானையையும் நாற்காலியையும் வரைந்து வரைந்து கை பழகினால்தான் விடுவதற்கென்று கையில் ஏதாவது இருக்கும்.

எனக்கும் பதினேழு வயதில் கொஞ்சம் கோடு வந்தது. பி.ஏ. இங்கிலீஷ் போதும் என்றார் அப்பா. எனக்கும் உள்ளூர நிம்மதிதான். வரைவதைவிட வரைந்ததைப் பற்றிச் சொல்வது சுலபம். இதை இதுவரை எங்கும் எழுதியதில்லை.

'படிக்கட்டும் அத்தான்' என்றேன். இரண்டு வாரமாக அவர் என்னோடு பேசவில்லை. இடம் கிடைத்தால் விடுதிச் செலவு என் சம்பளத்திலிருந்து என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறேன். மச்சினன் செய்யக்கூடியது அவ்வளவுதான்.