கோட்டையில் ஒரு ஆணி!

அரசாங்க ஆபீஸ் சுவரில் மாட்டியிருக்கும் படங்களை உற்றுப் பார்த்திருக்கிறீர்களா? ‘சார் இப்ப வந்துடுவார், உட்காருங்க’ என்று நம்மை பெஞ்சில் உட்கார வைத்துவிடுவார்களே... அந்த ஒரு மணி நேரத்தில் வேறு என்ன வேலை? கொஞ்ச நேரம் ஃபேனைப் பார்க்கலாம், கொஞ்ச நேரம் காலண்டரைப் பார்க்கலாம். அப்புறம் படங்களைத்தான் பார்த்தாக வேண்டும்!

முதலமைச்சர் படம் ஆட்சிக்கு ஆட்சி மாறும். ஆணி மட்டும் அதே ஆணி. ஆனால், யார் ஆட்சிக்கு வந்தாலும் இறங்காத படம் ஒன்று உண்டு. தாடி, கொண்டை, கையில் ஓலை... சாட்சாத் நம்ம வள்ளுவர்தான்.

இவர் எப்படி இவ்வளவு கெட்டியாக உட்கார்ந்தார்? இந்த ரகசியம் தெரிய வேண்டுமானால் ஒரு நாள் லீவு போட்டுவிட்டு, சென்னை பீச்சுக்கு அடுத்த ஸ்டேஷனான கோட்டையில் இறங்குங்கள். வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம். அன்றைக்கு கோட்டை மியூசியத்துக்கே லீவு!

மியூசியம் இருப்பது, கும்பினி காலத்து வியாபாரிகள் கூடிப் பேரம் பேசிய பழைய எக்ஸ்சேஞ்ச் கட்டடத்தில். துப்பாக்கி, வாள், பீங்கான் தட்டு எல்லாவற்றையும் தாண்டிப் படங்களுக்கு வாருங்கள். ஆளுயர எண்ணெய் ஓவியங்கள். மூன்றாம் ஜார்ஜ் மன்னர், விக்டோரியா மகாராணி, ராபர்ட் கிளைவ்... கூடவே நம்மை ஆண்ட கவர்னர்கள். வெல்வெட் என்ன, ஜரிகை என்ன, மெடல் என்ன! வெள்ளைக்காரன் ஆட்சியில் சர்க்கார் மாளிகைகளை அலங்கரித்தது இந்த மாதிரிப் படங்கள்தான். யார் ஆள்கிறாரோ அவர் சுவரில். ரொம்ப சிம்பிளான விதி. ஆட்சி போனது, சுவரும் போனது. 1948-ல் மியூசியம் திறந்தார்கள். இப்போது டிக்கெட் வாங்கினால்தான் ராஜா தரிசனம்!

வெளியே வந்து நாலு எட்டு வைத்தால் தலைமைச் செயலகம், சட்டமன்றம். அங்கே நினைத்த மாத்திரத்தில் நுழைய முடியாது. கூட்டத்தொடர் நடக்கும்போது பாஸ் இருந்தால் பார்வையாளர் மாடத்தில் உட்காரலாம். கீழே அனல் பறக்கும். அதை நாளைக்குப் பேப்பரில் படித்துக்கொள்ளலாம். நீங்கள் சுவரைப் பாருங்கள்.

மொத்தம் 16 படங்கள். பிள்ளையார் சுழி போட்டது 1948-ல். காந்திஜி படத்தை ராஜாஜி திறந்துவைத்தார். அதே வருஷம் ராஜாஜி படத்தை நேரு திறந்துவைத்தார். ராஜாஜி அப்போது உயிரோடு, கவர்னர் ஜெனரலாக இருந்தார்! அண்ணா மறைந்தது 1969 பிப்ரவரி 3. ஒரே வாரத்தில், பிப்ரவரி 10-ம் தேதி, இந்திரா காந்தி வந்து படத்தைத் திறந்தார். அப்புறம் காமராஜர், பெரியார், அம்பேத்கர், முத்துராமலிங்கத் தேவர், காயிதே மில்லத், 1992-ல் எம்.ஜி.ஆர்... இப்படி ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள்.

2018-ல் ஜெயலலிதா படம் வந்தபோது பெரிய ரகளை. சொத்துக் குவிப்பு வழக்கில் அதற்கு முந்தைய வருஷம் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பைக் காட்டி, ‘இந்தச் சுவரில் கூடாது’ என்றது தி.மு.க. விழாவுக்கும் போகவில்லை. விஷயம் ஹைகோர்ட் வரை போனது. படம் இறங்கவில்லை. இத்தனை பேர் நடுவில் ஒரே பெண்மணி அவர்தான் என்பதும் கவனிக்க வேண்டிய சங்கதி. 2021-ல் கருணாநிதி படம். குடியரசுத் தலைவரே வந்து திறந்துவைத்தார். இந்தத் தடவை அ.தி.மு.க. ஆப்சென்ட். இவர் வீட்டுக் கல்யாணத்துக்கு அவர் வரவில்லை, அவர் வீட்டுக் காதுகுத்துக்கு இவர் போகவில்லை என்கிற கதைதான்.

இந்த வரிசையில் ஒரே ஒருவர் வேற ஆள். 1964 மார்ச்சில், துணைக் குடியரசுத் தலைவர் ஜாகிர் உசேன் திறந்துவைத்த படம். மற்ற 15 பேருக்கும் போட்டோ இருக்கிறது, பார்த்த மனுஷர்கள் இருந்திருக்கிறார்கள். மூக்கு கோணினால் ‘இது அவர் இல்லையே’ என்று சொல்ல ஆள் உண்டு. வள்ளுவரை யார் பார்த்தது?

அவர் இப்படித்தான் இருந்தார் என்று ஆளாளுக்கு ஒரு கற்பனை ஓடிக்கொண்டிருந்தது. சென்னை கலெக்டராக இருந்த எல்லிஸ் துரை குறள் பித்தர். 1819-ல் காலமான அவர், வள்ளுவர் உருவம் போட்டுத் தங்க நாணயமே அடிக்க வைத்தார் என்று கண்டுபிடித்துச் சொன்னவர் கல்வெட்டு அறிஞர் ஐராவதம் மகாதேவன். அதில் இருப்பவர் குடைக்குக் கீழே சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கும் ஒரு துறவி. கிட்டத்தட்ட ஜைன முனிவர் மாதிரி. பழைய அச்சுப் படங்களைப் புரட்டினாலோ ஜடாமுடியும் ருத்திராட்சமும் திருநீறுமாகச் சைவ அடியார். யார் வரைகிறாரோ அவர் வீட்டுச் சொந்தக்காரர் ஆகிவிடுவார் வள்ளுவர்!

அந்த நிலைமையில்தான் சேலம் பக்கத்திலிருந்து வந்த ஓவியர் கே.ஆர்.வேணுகோபால் சர்மா பிரஷ்ஷை எடுத்தார். வருஷக்கணக்காக யோசித்து, வரைந்து, 1959-ல் முடித்தார். சர்மா செய்த பெரிய வேலை, எதையெல்லாம் வரையாமல் விட்டார் என்பதில் இருக்கிறது. நெற்றியில் பட்டை இல்லை, நாமம் இல்லை. கழுத்தில் மாலை இல்லை. பூணூல் உண்டா, இல்லையா என்று சண்டை போடலாம் என்றால், அந்த இடத்தில் வெள்ளை மேலாடை! மிச்சம் இருப்பது தாடி, கொண்டை, ஒரு கையில் எழுத்தாணி, ஒரு கையில் ஓலை. எழுதுகிற மனுஷன். அவ்வளவுதான். ‘இவர் எங்க ஆள்’ என்று பிடித்து இழுக்க, படத்தில் ஒரு கைப்பிடிகூடக் கிடையாது.

அதனால்தான் எல்லோரும் தலையாட்டினார்கள். 1960-ல் மத்திய அரசு வள்ளுவருக்குத் தபால்தலை வெளியிட்டது. 1964-ல் இந்தப் படத்தைக் கோட்டையில் மாட்டியது பக்தவத்சலத்தின் காங்கிரஸ் ஆட்சி. 1967-ல் காங்கிரஸைத் தோற்கடித்து அண்ணா வந்தார். படத்தைக் கழற்றினாரா? அரசு அலுவலகங்கள் எல்லாவற்றிலும் மாட்டச் சொல்லி ஆணை போட்டார்! எலியும் பூனையுமாக இருந்த இரண்டு கட்சிகள், ஒரே முகத்துக்குக் கையெழுத்துப் போட்ட அதிசயம் அது.

இப்படி நடப்பது லேசுப்பட்ட காரியமில்லை. ஆபீஸ் சுவர் என்பது ஆபீஸருக்குச் சொந்தமில்லை. ஜாதி சர்டிபிகேட்டுக்கு வருகிறவர், விதவைப் பென்ஷனுக்கு வருகிறவர், பட்டாவுக்காகச் செருப்பு தேய நடக்கிறவர் எல்லோரும் நிமிர்ந்து பார்க்கிற சுவர் அது. அங்கே இருக்கிற முகம், ‘நீ நம்ம ஆளா?’ என்று கேட்கக் கூடாது. நம்ம ஆளா என்று கேட்கவே தெரியாத முகமாக ஒன்றை சர்மா வரைந்து கொடுத்துவிட்டார்.

அதைத் தொட்டால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட்டோம். 2019 நவம்பரில், தமிழக பி.ஜே.பி. ட்விட்டரில் காவி உடை, திருநீற்றோடு ஒரு வள்ளுவர் படத்தைப் போட்டது. தமிழ்நாடே இரண்டுபட்டது. 2024 மே மாதம் கவர்னர் மாளிகை அழைப்பிதழில் காவி வள்ளுவர். மறுபடியும் அதே சண்டை. ‘வள்ளுவரை எந்தக் கேமரா எடுத்தது? வெள்ளைதான் என்று யார் கண்டது?’ என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால், வெள்ளை அவருடைய அசல் வேட்டி என்று சர்மா சத்தியம் பண்ணவில்லையே! எந்தக் கலரில் வரைந்தாலும் ஒருத்தர் சொந்தம் கொண்டாடுவார், இன்னொருத்தர் எழுந்து போவார். வெள்ளையில்தான் ஒருத்தரும் எழுந்து போகவில்லை.

பார்த்தாயிற்றா? வெளியே வந்து பஸ் பிடியுங்கள். படம் சுவரோடு நின்றுவிடும், குறள் பஸ்ஸிலும் ஏறும். அரசு பஸ்ஸில் குறளை எழுதி வைத்தது, அண்ணா மந்திரிசபையில் கருணாநிதி போக்குவரத்து அமைச்சராக இருந்தபோது. அதற்கு ஆணியும் வேண்டாம், திறப்பு விழாவும் வேண்டாம். கண்டக்டர் மீதிச் சில்லறை தருகிற வரைக்கும் படித்துக்கொண்டே வரலாம்... நிதானமாக, அதிகாரம் அதிகாரமாக!