கணுக்கால் ஊசி

மாசி 20
கோர்வைப் புடவை இன்றும் நகரவில்லை. வீட்டுக்காரர் தறிக்குழியில் உட்கார்ந்து மிதிக்க, பக்கத்தில் இருந்து வலக்கரை நாடாவை நான் தள்ள வேண்டும். நான் எழுந்தால் தறியும் நின்றுவிடும். காலையிலிருந்து மூத்திரம் முட்டி எழுந்துகொண்டே இருந்தேன். முகூர்த்தப் புடவை, முதலாளி வீட்டிலிருந்து கேட்டு ஆள் வந்துவிட்டது.

மாசி 23
தண்ணீர் குடிக்காமல் இருந்து பார்த்தேன். எரிச்சல்தான் கூடியது.

பங்குனி 4
சென்னையில் டாக்டரம்மாவைப் பார்த்தோம். மூத்திரப்பை நிறையும் முன்பே அதன் தசை சுருங்கிவிடுகிறதாம், அதனால்தான் இந்த அவசரம். ஏற்கெனவே தின்ற மாத்திரையில் வாய் வறண்டதையும் மலம் கட்டியதையும் சொன்னேன். அப்போதுதான் ஊசியைப் பற்றிச் சொன்னார். உள்கணுக்காலுக்குச் சற்று மேலே மெல்லிய ஊசியைச் செருகி, அரை மணி நேரம் லேசாக மின்சாரம் விடுவார்கள். வாரம் ஒருமுறை, 12 வாரம். கால் நரம்பும் மூத்திரப்பை நரம்புகளும் அடிமுதுகில் ஒரே இடத்தில் சேர்கின்றன. சீன ஊசி வைத்தியப் புள்ளிகளைப் பார்த்து 1983இல் மெக்குவயர் என்பவர் கணுக்கால் வழியைச் சொன்னார். பிறகு ஸ்டோலர் ஊசி முறையை உருவாக்கினார்.
"எல்லாருக்கும் கேட்குமா?" என்றார் இவர்.
"கேட்காதுங்க," என்றார் டாக்டரம்மா.

பங்குனி 6
மகள் போனில் ஓர் ஆய்வை வாசித்துச் சொன்னாள். 2010இல் அமெரிக்காவில் வெளியானது. 220 பேர். பாதிப் பேருக்கு நிஜ ஊசி. மீதிப் பேருக்குத் தோலைத் துளைக்காத பொய் ஊசி. சந்தேகம் வராதிருக்கப் பாதத்தில் கொஞ்சம் மின்சாரம். 13ஆம் வாரம் நிஜ ஊசிக்காரர்களில் 54.5 சதவீதம் பேர் ஓரளவோ நன்றாகவோ தேறியதாகச் சொன்னார்கள். பொய் ஊசியிலும் 20.9 சதவீதம்.
நோயாளியை இப்படி ஏய்க்கலாமா என்று ஆத்திரமாக வந்தது. ஆனால் பொய் ஊசி விழலாம் என்று முன்பே சொல்லி, கையெழுத்து வாங்கித்தான் சேர்ப்பார்களாம். எந்த ஊசி என்று தெரியாமலே வாராவாரம் வந்து உட்கார்ந்த அந்த 110 பேரை நினைத்துக்கொண்டே படுத்தேன். அவர்கள் இல்லாவிட்டால், குணம் ஊசியால் வந்ததா, ஒருவர் அரை மணி நேரம் பக்கத்தில் இருந்து கவனித்ததால் வந்ததா என்று யாருக்குத் தெரியும்?

சித்திரை 2
ஊசி வலிக்கவில்லை. பெருவிரல் தானாக மடங்கியது. நரம்பு சரியாகக் கிடைத்த அடையாளமாம்.

சித்திரை 19
ஒரு மாற்றமும் இல்லை. பேருந்துக் காசு போகிறது, இரண்டு பேர் கூலியும் போகிறது. தேறாத பாதியில் நான் இருந்தால்?

வைகாசி, கருட சேவை
விடியலில் தெருவே வரதராஜரைப் பார்க்கப் போய்விட்டது. நான் போகவில்லை. ஓரகத்தியும் வீட்டில் இருந்தாள், வழக்கம்போல் முட்டிவலி என்று. காபி ஆற்றிக்கொண்டே என் ஊசிக் கதையைச் சொன்னேன். டம்ளரைக் கீழே வைத்தாள். "முட்டியெல்லாம் நல்லாத்தான் இருக்குக்கா. சின்னவன் பிறந்ததிலேர்ந்து எனக்கும் இதேதான்." சின்னவனுக்கு மீசை முளைத்துவிட்டது. ஒரே கூரையின் கீழ்தான் இருக்கிறோம்.

வைகாசி 24
ராத்திரி ஒரு தரம்தான் எழுந்தேன். ஊசியா, வெயிலில் வேர்த்ததா?

ஆனி 5
ஓரகத்தியும் இன்று கூட வந்தாள். தேறியவர்களும் 12 வாரத்துக்குப் பிறகு மாதம் ஒருமுறை போல வர வேண்டியிருக்குமாம். ஊசி இல்லாமல், தோலில் பட்டை ஒட்டி வீட்டிலேயே மின்சாரம் கொடுப்பதையும் ஆராய்ந்திருக்கிறார்களாம். ஆராய்கிற டாக்டர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கூலியை விட்டுவிட்டு வாராவாரம் பட்டணம் வர முடியாத எங்களையும் அந்த ஆய்வுகளில் சேருங்கள், எங்கள் தறி வீடுகளுக்கே வந்து.