விண்மீன் தொங்கும் சாளரங்கள்

டிசம்பர் திங்கள் பிறந்ததும் கிறிஸ்தவ இல்லங்களில் எழும் முதற்பேச்சு பெரும்பாலும் விளக்கைப் பற்றியதாகவே இருக்கும். சென்ற ஆண்டின் காகித விண்மீனைப் பரணிலிருந்து இறக்கிப் பார்ப்பார்கள். கிழிந்த முனையை ஒட்டிக்கொள்வதா, புதியதொன்று வாங்குவதா? சீரியல் விளக்குச் சரம் எத்தனை வேண்டும்? வாசலில் கட்டுவதா, கூடத்தில் கட்டுவதா, மொட்டைமாடியில் கம்பம் நட்டு ஏற்றுவதா? இத்தனையும் கேட்கும் நாம், இவ்விளக்கு யாருக்காக என்று கேட்பது அரிது. அவ்வினாவுக்கு விடையாகத் தன் வீதிகளையே காட்டும் நகரம் ஒன்று உண்டு. அது பிலிப்பைன்ஸ் நாட்டின் சான் பெர்னாண்டோ.

சமவெளி நகரம்

தலைநகர் மணிலாவிலிருந்து வடக்கே ஏறத்தாழ 65 கிலோமீட்டர் சென்றால் பம்பாங்கா மாநிலத்தின் தலைநகராகிய சான் பெர்னாண்டோவை அடையலாம். வழியெங்கும் நெல்வயல்கள், இடையிடையே கரும்புத் தோட்டங்கள். தொலைவில் அராயாத் என்னும் மலை, தோழமைக்கு மற்றொரு குன்றுமின்றிச் சமவெளியின் நடுவே தனித்து நிற்கும். இம்மக்கள் பேசும் மொழி கபம்பாங்கன். சமையற் கலையிலும் கைவினையிலும் பெயர் பெற்றவர்கள். 1948-இல் மறைமாவட்டமாகி, 1975-இல் உயர் மறைமாவட்டமாக உயர்ந்த ஊர் இது. ஆயினும் நாடறிந்த அதன் சிறப்பு விளக்குகளால் வந்தது. 'பிலிப்பைன்ஸின் கிறிஸ்மஸ் தலைநகரம்' என்றே இதனை அழைக்கின்றனர்.

அந்நாட்டில் செப்டம்பர் முதல் நாளிலேயே கிறிஸ்மஸ் பாடல்கள் ஒலிக்கத் தொடங்கிவிடும். நவம்பருக்குள் இந்நகரின் சாலையோரப் பட்டறைகளில் விண்மீன்கள் அடுக்கடுக்காய்த் தொங்கும். பகலில் அவை வெறும் கம்பியும் சிப்பியுமே. அந்தி சாய்ந்ததும் ஒவ்வொன்றும் உயிர் பெற்று, நடுவிலிருந்து விளிம்புக்கும் விளிம்பிலிருந்து நடுவுக்குமாக நிறம் மாறி விரிவதைக் காண்போர் வண்டியை நிறுத்தாமல் செல்வதில்லை.

நடந்து சென்ற விளக்கு

இவ்விளக்கை அந்நாட்டார் 'பரோல்' என்பர். கபம்பாங்கன் மொழியில் அது 'பருல்'. கைவிளக்கைக் குறிக்கும் 'பரோல்' என்னும் ஸ்பானியச் சொல்லின் வழிவந்த பெயர் இது. மூங்கிற் சிம்புகளை ஐம்முனை விண்மீனாகக் கட்டி, மெல்லிய வண்ணக் காகிதத்தை அதன்மேல் ஒட்டி, உள்ளே மெழுகுதிரி அல்லது சிறு விளக்கொன்றை வைத்தனர். பெத்லகேமுக்கு ஞானியரை அழைத்துச் சென்ற விண்மீனின் நினைவாகவே ஐம்முனை அமைந்தது.

இது தொடக்கத்தில் வீட்டை அழகு செய்வதற்காகப் பிறந்த பொருளன்று. கையிலேந்தி நடப்பதற்காகப் பிறந்தது. டிசம்பர் 16 முதல் 24 வரை ஒன்பது நாள்கள், விடியலுக்கு முன் அந்நாடெங்கும் திருப்பலி நிறைவேற்றப்படும். 'சிம்பாங் காபி' என்பது அதன் பெயர். பொழுது புலருமுன் வயலில் இறங்க வேண்டிய உழவர் பெருமக்களுக்கு வாய்ப்பாக அமைந்த நேரம் அது. வரப்பு வழியே, இருளில், குழந்தை குட்டிகளுடன் கோவிலுக்கு நடந்தவர்களுக்கு இந்த விண்மீன் வழித்துணையாயிற்று. திருப்பலி முடிந்ததும் ஆலய வாசலில் பிபிங்கா என்னும் அரிசி அப்பம் காத்திருக்கும். கீழும் மேலும் தணல் இட்டு வேகவைப்பது அது. புட்டோ பும்போங் என்பது மற்றொன்று. மூங்கிற் குழாயில் அரிசிமாவை ஆவியில் வேகவைத்துத் தேங்காய்த் துருவலோடு தருவர். நிறம் மட்டும் ஊதா. மற்றபடி நம் குழாய்ப்புட்டின் உடன்பிறப்பென்றே தோன்றும்.

பம்பாங்காவில் இன்னொரு வழக்கமும் உண்டு. அதற்கு 'லுபேனாஸ்' என்று பெயர். நவநாளைக் குறிக்கும் 'நொவேனா' என்னும் சொல் திரிந்து இவ்வாறு ஆயிற்று. அவ்வொன்பது நாள்களிலும் ஒவ்வொரு சிற்றூரிலும் பாதுகாவலரான புனிதரின் திருவுருவத்தைப் பவனியாக எடுத்துச் செல்வர். முன்னும் பின்னும் மூங்கிற் கழிகளில் விண்மீன்கள் இருபுறமும் இணையிணையாகச் செல்லும். இறுதி இரவில் சிற்றூர்ப் பவனிகள் எல்லாம் நகரின் பங்கு ஆலயத்தை நோக்கி வந்து கூடும். எவ்வூரின் விண்மீன் பெரிது, எவ்வூரினது அழகிது என்ற இனிய போட்டி அங்கேதான் முளைத்தது.

விண்மீன் வளர்ந்த கதை

இந்நகரின் முதல் விண்மீன் விளக்கை 1908-இல் பிரான்சிஸ்கோ எஸ்தனிஸ்லாவோ என்பவர் செய்தார் என்பது ஊர் வழக்கு. 1931-இல் விளக்கினுள் மின்சாரம் புகுந்தது. ஒவ்வொரு பல்புக்கும் ஒரு விசை வைத்து, இசைக்கேற்ப ஆள்கள் அவற்றை ஏற்றியும் அணைத்தும் விளக்கை ஆடச் செய்தனர். பல்புகள் பெருகப் பெருக விசைகளைக் கையாள்வது இயலாததாயிற்று.

1957-இல் ரோடோல்போ டேவிட் என்பவர் அதற்கு வழி கண்டார். அவர் அமைத்தது சுழலும் இரும்பு உருளை. மின்னோட்டம் பாயும் அவ்வுருளையின்மேல் கொண்டை ஊசிகள் வரிசையாகப் படிந்திருக்கும். ஒவ்வோர் ஊசியும் ஒரு பல்புத் தொகுதிக்குச் செல்லும் கம்பியின் முனை. உருளையில் எவ்விடத்தில் வெளிச்சம் கூடாதோ அவ்விடத்தில் ஒட்டு நாடாவை ஒட்டிவிடுவர். உருளையைக் கையால் சுற்றும்போது ஊசி இரும்பைத் தொட்டால் விளக்கு எரியும். நாடாவின்மேல் ஏறினால் அணையும். எந்த வண்ணம் எப்போது விரிய வேண்டும், எப்போது சுருங்க வேண்டும் என்பதெல்லாம் அந்நாடாத் துண்டுகளில் எழுதப்பட்ட இசைக்குறிப்புப் போன்றது. பெண்கள் தலையில் செருகும் ஊசியும் கடையில் கிடைக்கும் நாடாவும் இத்துணைப் பெரிய வித்தையைச் செய்கின்றன!

இன்று 'லிக்லிகன் பருல்', அதாவது விளக்குப் போட்டி, ஆண்டுதோறும் டிசம்பரில் கிறிஸ்மஸுக்கு முன் நடைபெறுகிறது. போட்டியிடும் சிற்றூர்கள் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 20 அடி உயரமுள்ள வட்ட விளக்கைக் கொண்டுவரும். ஒவ்வொன்றிலும் ஆயிரக்கணக்கான பல்புகள். ஒவ்வொன்றுக்கும் தனி மின்னாக்கி. விளக்கின் பின்புறம் வியர்வை சிந்த உருளை சுற்றுவோரைப் பார்வையாளர் காண்பதில்லை; அவர்கள் காண்பது ஒளியை மட்டுமே. இவ்வளவு பெரிய விளக்கை எந்த ஒரு வீடும் தனித்துச் செய்ய முடியாது. வரைபவர், கம்பி வளைப்பவர், காகிதம் ஒட்டுபவர், மின்கம்பி பின்னுபவர் எனப் பலர் மாதக்கணக்கில் கூடி உழைத்தால்தான் அது எழுந்து நிற்கும்.

மண் மூடியும் மறையாதது

இவ்வழக்கத்தின் வேர், சான் பெர்னாண்டோவை அடுத்துள்ள பாகோலோர் என்னும் பழைய ஊரில் உள்ளது என்பர். 1904-இல் மாநிலத் தலைநகரம் அங்கிருந்தே சான் பெர்னாண்டோவுக்கு மாற்றப்பட்டது. 1991 ஜூன் 15-இல் பினாதுபோ எரிமலை வெடித்தது. மலைச்சரிவில் குவிந்த சாம்பலும் மணலும் பின்வந்த ஆண்டுகளின் மழையில் கரைந்து, சேற்றாறாகப் பெருகி வந்தன. 1995 அக்டோபர் முதல் நாளில் அச்சேறு பாகோலோரைப் புதைத்தது. ஊரின் புனித கில்லெர்மோ ஆலயம் ஏறத்தாழ 6 மீட்டர் ஆழத்துக்கு மண்ணுள் அமிழ்ந்தது. இன்றும் அங்குச் செல்வோர், ஒரு காலத்தில் சாளரங்களாய் இருந்தவற்றின் வழியே உள்ளே நுழைவதைக் காணலாம். மக்கள் பலிபீட மாடத்தைத் தோண்டியெடுத்து, உயர்ந்துவிட்ட தரையின்மீது மீண்டும் நிறுத்தி, அங்கேயே வழிபாட்டைத் தொடர்ந்தனர்.

அடுத்திருந்த சான் பெர்னாண்டோவும் அஞ்சியே வாழ்ந்தது. சேற்றைத் தடுக்கப் பேரணை ஒன்று எழுப்பப்பட்டது. வீடிழந்தோரும் வயலிழந்தோரும் நிறைந்திருந்த அந்நாட்டுப்புறத்தில் விளக்குகள் அழிந்து போகவில்லை. காரணம் எளிது. மூங்கிலும் காகிதமும் மண்ணுக்கடியில் போகலாம். அவற்றைக் கட்டத் தெரிந்த கைகள் மேலே இருந்தன.

வீட்டுக்குரிய விளக்கு

பெரிய விளக்கு போட்டிக்கு உரியது. சிறிய விளக்கு வீட்டுக்கு உரியது. அதனைத் தெரிந்தெடுப்பதில் அந்நகரத்தார் காட்டும் நிதானம் நாம் கற்கத்தக்கது. பட்டறையில் மூன்று வகை உண்டு.

முதலாவது மூங்கிலும் காகிதமும் ஆனது. விலை குறைவு, குழந்தைகளே செய்யலாம், மழைக்கு ஆகாது. இரண்டாவது பிளாஸ்டிக்கால் ஆனது. மழையைத் தாங்கும், வெயிலில் நாளடைவில் நிறம் மங்கும். மூன்றாவது 'காபிஸ்' சிப்பியால் ஆனது. ஒளி ஊடுருவும் மெல்லிய, தட்டையான இச்சிப்பியைக் கண்ணாடிக்கு மாற்றாகச் சாளரங்களில் பதிக்கும் வழக்கம் பிலிப்பைன்ஸிலும் கோவாவிலும் பழங்காலத்தில் இருந்தது. திருகோணமலையை அடுத்த தம்பலகாமக் குடாவில் முத்துக்காக எடுக்கப்பட்டதும் இவ்வினச் சிப்பியே. மெல்லிய கம்பிச் சட்டத்தில் வண்ணம் தோய்த்த சிப்பித் துண்டுகளைப் பதித்து, பின்னால் பல்பு வைத்தால், ஒளி கண்ணைக் குத்தாமல் பால்போல் பரவும். விலை மிகுதியானாலும் பல ஆண்டு உழைக்கும்.

வாங்குவோர் முதலில் பார்ப்பது மின்கம்பியையும் இணைப்பையும். வண்ண விளக்குச் சரங்களில் தரச்சான்று ஒட்டு இருக்கிறதா எனப் பார்த்து வாங்குமாறு அந்நாட்டு வணிகத் தொழில் துறை மக்களை ஆண்டுதோறும் எச்சரிக்கிறது. மலிவுச் சரத்தால் தீப்பற்றிய வீட்டில் பெருவிழா ஏது?

அடுத்து இடம். பருலை அவர்கள் கூடத்தின் நடுவில் தொங்கவிடுவதில்லை. வீதியை நோக்கிய சாளரத்தில் அல்லது வாசல் முகப்பில் தொங்கவிடுவர். வீட்டில் இருப்பவருக்கு அதன் முதுகுதான் தெரியும். முகம் வழிப்போக்கருக்கு உரியது. இதில்தான் பழைய நடைவிளக்கின் குணம் இன்றும் வாழ்கிறது. கையிலிருந்து சாளரத்துக்கு ஏறிய பின்னும், அது நடப்பவருக்கே ஒளி தருகிறது.

நம் இல்லங்களில்

நம் நாட்டிலும் விண்மீன் ஏற்றாத கிறிஸ்தவ இல்லம் இல்லை எனலாம். ஆகவே இவ்வாண்டு விளக்கைத் தேர்ந்தெடுக்கும் குடும்பத் தலைவர்களும் தலைவியரும் சிலவற்றை மனத்திற் கொள்வது நன்று.

பழைய சீரியல் சரத்தில் ஒரு பல்பு கெட்டால் முழுச் சரமும் அணையும். உடனே கம்பியைச் சீவி வெறுங்கையால் முறுக்கி ஒட்டவைக்கும் பழக்கம் ஆபத்தானது. எல்.இ.டி. சரங்கள் மிகக் குறைந்த மின்சாரத்தில் எரிவன, சூடும் குறைவு, காகித விண்மீனுக்குள் வைக்க அதுவே ஏற்றது. குண்டு பல்பு வைப்பதாயின் காகிதத்தைத் தொடாமல் நடுவில் நிற்குமாறு கட்டுக. துணித்திரைக்கு அருகே எவ்விளக்கும் வேண்டா.

வெளியில் கட்டும் சரம், வெளிப்பயன்பாட்டுக்கென்றே செய்யப்பட்டதாக இருக்கட்டும். இணைப்பு முனைகளைக் கூரையின் கீழ் மழைபடாத இடத்தில் வைத்து, கம்பியைச் சற்றுத் தொய்வாக விட்டால் மழைநீர் இணைப்பை அடையாமல் தொய்விலேயே சொட்டிவிடும். கம்பியின்மீது ஆணி அடிக்காமல் சணற்கயிற்றால் கட்டுக. ஒரே பிளக்கில் நான்கைந்து சரங்களைச் செருகாதிருப்பீர்களாக. மாடியில் கம்பம் நடுவோர் இரும்புக் குழாயைத் தவிர்த்து உலர்ந்த மூங்கிலை நடுவதும், அதனைத் தெரு மின்கம்பியிலிருந்து வெகுதொலைவில் நிறுத்துவதும் உயிர்காக்கும் செயல்கள். ஈரக் கையோடும் மழையிலும் இப்பணியைத் தொடவே கூடாது. உறங்கப்போகும்போது விளக்குச் சரங்களை அணைத்துவிடுக.

இவை யாவும் எப்படிக் கட்டுவது என்பதற்கு. எங்கே கட்டுவது என்பதற்குச் சான் பெர்னாண்டோவின் சாளரங்களே விடை. உங்கள் தெருவில் விளக்கு எரியாத முடுக்கு எது? இரவுப் பணி முடிந்து தனியே நடந்து வரும் பெண் எவ்வழியே வருகிறாள்? விடியலில் பால் கொண்டுவரும் முதியவர் எந்த மேட்டில் தடுமாறுகிறார்? அப்பக்கம் நோக்கி உங்கள் விண்மீன் தொங்கட்டும். பத்துச் சரங்கள் கூடத்தை நிறைப்பதினும், ஒற்றை விண்மீன் அம்முடுக்கை நோக்கி எரிவது மேலானது. சென்ற ஆண்டின் கிழிந்த விண்மீனே அதற்குப் போதும். பிள்ளைகளை அருகிருத்தி, ஒரு தாளும் சிறிது பசையும் கொண்டு அதனைச் செப்பனிடுங்கள்.

ஞானியரின் விண்மீன் தன்னைப் பார்த்து வியக்குமாறு யாரையும் நிறுத்தி வைக்கவில்லை. நடந்தவர்களுக்கு முன்னே சென்று, பாலன் இருந்த இடத்தின்மேல் நின்றது. நம் வீட்டு விளக்குக்கும் அதுவே பணி.